ஈரக்கையால் தொடாதே!

இஸ்ரேலின் வாயிலிருந்து ஒரு பல் ரத்தத்தோடு தெறித்து, பிரித்துப் போட்டிருந்த மிக்ஸி மோட்டாரின் மேல் விழுந்தது. அதே நொடியில்தான் புவனா அந்த சர்வீஸ் சென்டரின் தகரக் கதவை உதைத்துத் திறந்தாள்.

உள்ளே இரண்டு தடியர்கள். சிவப்புச் சட்டைக்காரன் ஒரு கிரைண்டர் பெல்ட்டை மடித்துக் கையில் சுற்றியிருந்தான். மற்றவன் இஸ்ரேலின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, அடி நன்றாக விழும்படி முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். வெளியே ஆடிக் கிருத்திகைக் கூட்டம். பம்பையும் உடுக்கையும் அரோகராவும் சேர்ந்து திருத்தணியின் காதைக் கிழித்தன. அந்தச் சத்தத்தில் ஒருவனைக் கொன்றே போட்டாலும் அடுத்த கடைக்குக் கேட்காது. பாவிகள், நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

"யார்டீ நீ?" என்றான் சிவப்புச் சட்டை.

"கஸ்டமர். உங்க சர்வீஸ் சரியில்லன்னு கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தேன்."

பெல்ட் சுழன்று வந்து அவள் தோளில் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அவன் மறுபடி ஓங்குவதற்குள், மேஜை மேல் கிடந்த கிரைண்டர் கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். தலையில் போட்டால் கொலைக் கேஸ் ஆகிவிடும் என்று அந்த நிலையிலும் புத்தி வேலை செய்தது. காலில் போட்டாள். பெருவிரல் நசுங்கிய சத்தம் பம்பையையும் மீறிக் கேட்டது. சிவப்புச் சட்டை அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மற்றவன் இஸ்ரேலை விட்டுவிட்டு நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு புவனாவின் வயிற்றைக் குறிவைத்துப் பாய்ந்தான். குறுக்கே ஒரு கை நுழைந்தது. ஸ்குரூ டிரைவர் அந்தக் கையை முழங்கைவரை கிழித்துக்கொண்டு போனது. கைக்குச் சொந்தக்காரர் சத்தமே போடவில்லை. சந்தனம் பூசிய தன் மொட்டைத் தலையால் அவன் மூக்கில் ஒரே ஒரு முட்டு முட்டினார். மூக்குத் தண்டு உடைந்து ரத்தம் கொட்ட, அதன்மேல் சந்தனம் அப்பியிருக்க, அவன் சுவரைத் தடவிக்கொண்டு பின்வாசல் பக்கம் ஓடினான். நசுங்கிய கால்காரனும் நொண்டிக்கொண்டே அவன் பின்னால் போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"மொட்டை போட்டதுக்கு இப்பதான் சார் பலன் கிடைச்சுது" என்றாள் புவனா, மூச்சு வாங்க.

"கிண்டல் அப்புறம். மொதல்ல துண்டை எடுத்து என் கையில கட்டு" என்றார் பக்தவச்சலம்.

பக்தவச்சலம் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். பிரமோஷன் கிடைத்தால் மொட்டை போடுவதாக அவர் மனைவி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிரமோஷன் வரவில்லை, ரிட்டயர்மென்ட் வந்தது. வந்ததற்கு நன்றி சொல்லிவிடலாம் என்று இன்று காலைதான் மலையேறி முடி கொடுத்திருந்தார். அரக்கோணத்தில் அவர் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தம் இரண்டே பேர். முதலாளி அவர். மிச்சம் எல்லா வேலைக்கும் புவனா. வாயாடுவது அவளாகவே சேர்த்துக்கொண்ட வேலை.

இஸ்ரேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கண் முழுக்க வீங்கி மூடியிருந்தது. புவனா அவன் வாயைத் துடைத்தாள். துடைத்தாளே தவிர, மனசுக்குள் அவன்மேல் சந்தேகம் அப்படியே இருந்தது. அவர்கள் இங்கே வந்ததே அவனைப் பிடிக்கத்தான்.

விஷயம் இதுதான். இஸ்ரேலின் அக்கா பிரேமகுமாரி, பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் எலியாஸின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாயந்திரம் தோசைக்கு மாவு அரைத்தவள், கிரைண்டரில் ஈரக்கை வைத்த இடத்திலேயே கரண்ட் அடித்துச் செத்துப்போனாள். மறுநாள் போலீஸ் வந்து கிரைண்டரை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். கிரைண்டரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சுவரில் இருந்த பிளக் போர்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் கம்பியில் கரண்ட் கம்பியை யாரோ முறுக்கி விட்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் நல்ல கிரைண்டரும் தொட்டவரைக் கொன்றுவிடும். தறி மோட்டாரைத் தானே பிரித்துச் சரிசெய்கிற எலியாஸுக்கு இந்த வேலை தெரியும். புருஷன் பெண்டாட்டிக்குள் முந்தின நாள் சண்டை நடந்ததற்கு அக்கம்பக்கத்தில் சாட்சியும் இருந்தது. எலியாஸ் உள்ளே போனார்.

அவர்களுடைய மகள் அபிகாயில்தான் பக்தவச்சலத்தைத் தேடி வந்தவள். நர்ஸிங் படிக்கிற பெண். "எங்க நைனா வந்து மண்ணு போடாம எங்கம்மாவ குழிக்குள்ள எறக்க விடமாட்டேன்" என்று சொல்லி, பிணத்தை வாங்கிக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள், திட்டினார்கள். கடைசியில் தாங்களே பிணத்தை வாங்கி, இன்று சாயந்திரம் அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடக்கம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆக, பொழுது சாய்வதற்குள் எலியாஸ் வெளியே வரவேண்டும்.

காலையில் ஸ்டேஷனில் அந்தக் கிரைண்டரைப் பார்த்தபோது, தலைகீழாகக் கவிழ்த்து, அடி விளிம்பின் இடுக்கைப் புடவையில் குத்தியிருந்த ஊக்கால் சுரண்டினாள் புவனா. சிவப்பும் மஞ்சளுமாக உதிர்ந்தது. குங்குமம், சந்தனம். ஆயுத பூஜைக்கு வைத்து, துடைத்து, மறுபடி வைத்து ஏறிப்போன கறை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டில், போன மாதம் புதிதாக வாங்கிய பொன்னுரல் கிரைண்டரில் இது எப்படி வரும்? யாரோ மெஷினை மாற்றியிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் வெங்கடேசன் நல்ல மனிதர், ஆனால் சந்தேகப் பிராணி. "யாராவது அரைக்க இரவல் வாங்கிகினு போயிருப்பாங்கம்மா. குங்குமத்தை வெச்சு கேஸ் உடைக்க முடியாது. மாத்தினவன் யாருன்னு கொண்டா" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் சகஜமாகப் போய் வரக்கூடியவன், பழைய பொன்னுரல் கிரைண்டர்களைக் கையில் வைத்திருப்பவன் யார்? பொன்னுரல் கம்பெனியின் சர்வீஸ் மெக்கானிக், செத்தவளின் தம்பி, இஸ்ரேல்.

"நேரா கேக்கறேன்" என்றாள் புவனா. "கிரைண்டரை மாத்தினது நீயா?"

இஸ்ரேல் அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "அவ எங்க அக்காங்க" என்றான். அதற்குமேல் பேச முடியாமல் அழுதான். அழுது முடித்துத்தான் பேசினான். "எலியாஸ் பாவா மேல தப்பில்ல. அந்த மெஷின்தான் கொன்னுது. பொன்னுரல் கம்பெனியும் நோர்டிலா கம்பெனியும் ஒண்ணா சேந்த நாள்லேர்ந்து இதான் நடந்துகினு கீது. மேல பேரு அதே பேரு. கலர் அதே கலர். உள்ள மட்டும் எல்லாம் வேற. காப்பர் கம்பி போயி அலுமினியம் வந்துச்சி. டப்பாவையும் எர்த் கம்பியையும் சேக்கற தகடு ஒண்ணு இருக்கும், அதையே எடுத்துட்டானுங்க. கரண்ட் கசிஞ்சா போறதுக்கு வழியில்ல. தொட்டவங்க மேலதான் வரும்."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்ட சொல்லல? கம்பெனி ஆளுங்க, டீலருங்க, எல்லார்கிட்டயும் சொன்னேன். அக்கா செத்த அன்னிக்கி ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணி எல்லாரையும் திட்டினேன். நாளைக்கி போலீஸ்ல வந்து சொல்றேன்னு நேத்து அபிகிட்ட சொன்னேன். இன்னிக்கி இவனுங்க வந்துட்டானுங்க."

"சந்தேகப்படறதுக்கு ஒரு ஆள் கேட்டா ஊரையே குடுக்கறானே சார்" என்றாள் புவனா. சொல்லிவிட்டுத் தன்மேலேயே கோபப்பட்டாள். அடிபட்டுக் கிடப்பவன் முன்னால் பேசுகிற பேச்சா இது?

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. "அய்யய்யோ, இஸ்ரேலு! இன்னாடா ஆச்சு?" என்று பதறிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நாலு கடை தள்ளியிருக்கும் 'தணிகைவேல் ஹோம் நீட்ஸ்' உரிமையாளர் தணிகைவேல். பொன்னுரலின் டீலர். வெள்ளைச் சட்டையில் ரத்தம் படுவதைப் பற்றிக் கவலைப்படாமல் இஸ்ரேலைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். கூட்டத்துக்குள் புகுந்து ஒரு ஆட்டோவைப் பிடித்து, தன் கடைப் பையன்கள் இருவரைத் துணைக்கு ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். புவனாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்தக் காலத்தில் எந்த முதலாளி மெக்கானிக்கின் ரத்தத்தைத் தோளில் சுமக்கிறான்?

"உங்க கையிலயும் ரத்தமாச்சே சார். வீடு கடை மேலதான் கீது. வாங்க, கட்டுப் போட்டுகினு ஒரு வாய் டிபன் சாப்ட்டுட்டுப் போவீங்க" என்றார் தணிகைவேல்.

கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். மலை இறங்கிய மொட்டைத் தலைகள், இடுப்பில் குழந்தைகள், கையில் பிரசாதப் பைகள். ஒரு பக்கம் பொன்னுரல், ஒரு பக்கம் நோர்டிலா, நடுவில் காவேரிச்சுடர் என்று கிரைண்டர்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. புவனா ஒவ்வொன்றாகச் சாய்த்து அடியைப் பார்த்தாள். மூன்றுக்கும் ஒரே அடிப்பாகம், ஒரே திருகு, ஒரே பிளாஸ்டிக்.

"பேரு மூணு, வயிறு ஒண்ணா?"

"ஆங், மூணும் இப்ப ஒரே கம்பெனிதாம்மா" என்றார் தணிகைவேல். "மொதல்ல பொன்னுரலும் நோர்டிலாவும் சேந்தாங்க. அப்புறம் போட்டிக்கி இருந்த காவேரிச்சுடரையும் வாங்கிட்டாங்க. ஜனங்களுக்கு லாபம்தான், வெலை கொறைஞ்சுதே. தரமெல்லாம் அதே தரம்."

ஒரு நெசவுக்காரப் பெண் மூன்று கிரைண்டர்களின் முன்னாலும் மாறிமாறி நின்று, எதை வாங்குவது என்று புருஷனோடு வாதாடிக்கொண்டிருந்தாள். பாவம், அவள் எதை வாங்கினாலும் ஒன்றைத்தான் வாங்கப்போகிறாள்.

மாடியில் தணிகைவேலின் மனைவி வள்ளிநாயகி பக்தவச்சலத்தின் கையைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, இருவருக்கும் தோசை வார்த்தாள். கலகலப்பான மனுஷி. தணிகைவேல் கீழே வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விட்டார். புவனா முதல் வாயைப் போட்டதும் நிறுத்தினாள். சோடா மாவு தூக்கலாக இருந்தது. சமையலறையை எட்டிப் பார்த்தாள். குப்பைக் கூடையில் வழித்துப் போட்ட மாவு பாக்கெட்டுகள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கிரைண்டர் கடைக்காரர் வூட்ல பாக்கெட் மாவா?"

"அய்ய, அந்த வெட்கக்கேட்டை ஏன் கேக்கற!" என்று வள்ளிநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் கடை மாவு வாங்கினதில்ல. நல்லா ஓடிகினு இருந்த என் கிரைண்டரை சர்வீஸுக்குக் குடுக்கறேன்னு இவரு எடுத்துகினு போனாரு. ஞாயித்துக்கெழம ராத்திரி. அதோட சரி."

"கீழ கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்காரே. ஒண்ணை மேல கொண்டாந்தா ஆச்சு."

"நானும் அதான் கேட்டேன். 'அதெல்லாம் நீ தொடாதே'ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாரு. விக்கற சரக்குல நமக்கு ஒண்ணு எடுக்க மனசு வரல போலகீது."

புவனாவின் கையில் தோசை அப்படியே நின்றது. சுற்றிலும் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவில் சந்தனப் பொட்டு. டிவி ஸ்டாண்டில் பொட்டு. தையல் மிஷினில், சிலிண்டரில், சுவிட்ச் போர்டில், எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைத்த சந்தனமும் குங்குமமும். அவள் பக்தவச்சலத்தைப் பார்த்தாள். அவர் ஏற்கனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவுகிற இடத்தில் இருவரும் குசுகுசுத்தார்கள்.

"இஸ்ரேல் இல்ல சார். சர்ச்சுக்குப் போற வூட்டுப் பையன். அக்கா வூட்டுக்கு மாத்து மெஷின் கொண்டுபோனா அந்தக் குங்குமம்தான் அவன் கண்ணுல மொதல்ல பட்டிருக்கும். சுரண்டி எடுத்துட்டுத்தான் வெச்சிருப்பான்."

"ஆங். தினம் தினம் பாக்கறவனுக்கு அது கண்ணுக்கே தெரியாது. பொட்டு இல்லாத மெஷினைத்தான் அவன் கவனிப்பான்" என்றார் பக்தவச்சலம். "அவசரத்துக்குப் பழைய நல்ல மெஷின் வேணும். கடையில இருக்கறதெல்லாம் புதுசு. கையில இருந்த ஒரே பழசு பொண்டாட்டியோடது."

"அதைக் குடுத்துட்டு, பொண்டாட்டிய பாக்கெட் மாவு வாங்க வெச்சானே ஒழிய, புதுசைத் தொட விடல. தெரிஞ்சேதான் விக்கறான் சார்!" புவனா குழாயை ஓங்கித் திருகி மூடினாள். சற்று முன்னால் அவரை நல்லவர் என்று நினைத்ததற்கும் சேர்த்துத் திருகினாள்.

பக்தவச்சலம் வெங்கடேசனுக்குப் போன் போட்டு, உடனே கடைக்கு வரும்படி சொன்னார். "அவன் பொண்டாட்டி அவனுக்கு எதிரா சாட்சி சொல்லுவாளா? அங்கதான் இடிக்குது" என்றார். "அவன் வாயால வரணும்."

"வாய் வேணாம் சார். கை போதும்" என்றாள் புவனா. கீழே இறங்கினாள்.

கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, ஒரு புதுப் பொன்னுரல் பெட்டியைக் கிழித்து மெஷினை வெளியே எடுத்தாள். டெமோ காட்டுகிற மேஜையில் வைத்து பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டாள். கிரைண்டர் சுழன்றது. தள்ளுபடிக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நெருங்கினார்கள்.

"தணிகைவேல் சார்! பொதட்டூர்பேட்டையில ஒரு அம்மா இந்த மெஷின்ல ஈரக்கைய வெச்சு செத்துப்போனாங்கன்னு ஊர்ல பேசிக்கறாங்க. இவங்களுக்கெல்லாம் பயமா இருக்குமில்ல? அந்தத் தண்ணிப் பானையில கைய நனைச்சு, இதுமேல ஒரே ஒரு தடவை வைங்க. தரம் அதே தரம்னு நாங்க நம்பிக்கறோம்."

தணிகைவேல் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "வியாபார நேரத்துல இன்னாம்மா வெளையாட்டு? அந்தம்மாவ அவ புருஷனே கொன்னான். போலீஸ் சொல்லுது."

"அப்ப மெஷின் நல்ல மெஷின்தானே? வைங்க."

"யோவ், வெச்சுக் காட்டுய்யா" என்று கூட்டத்தில் ஒரு மொட்டை குரல் கொடுத்தது. நெசவுக்காரப் பெண் புருஷனின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தணிகைவேல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை விபூதியைக் கரைத்தது.

"எதுக்குங்க இவங்க பேசறதைக் கேட்டுகினு நிக்கறீங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். படிக்கட்டிலிருந்து வள்ளிநாயகி இறங்கி வந்துகொண்டிருந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "என் கையால சாப்ட்டுட்டு, என் வூட்டுக்காரரை நாலு பேர் எதிர்ல அவமானம் பண்றியா நீ? இவரு விக்கற பொருளை நான் நம்பறேன். நான் வெக்கிறேன் கைய, பாத்துக்கோ!"

தண்ணீர்ப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டு எடுத்தாள். சொட்டச் சொட்ட மேஜையை நோக்கி நடந்தாள். இது புவனாவின் கணக்கில் இல்லை. "அக்கா, வேணாம்!" என்று அலறிக்கொண்டு சுவிட்சைத் தேடிப் பாய்ந்தாள். கூட்டம் இடித்தது.

அவளுக்கு முன்னால் தணிகைவேல் பாய்ந்தார். கல்லாப்பெட்டி, மேஜை, குறுக்கே நின்ற ஒரு கிழவர், எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்து, மனைவியின் நெஞ்சில் ஓங்கி ஒரு உதை விட்டார். வள்ளிநாயகி பின்னால் பறந்து போய் ஒரு ஃபிரிட்ஜின் முனையில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் புடவையெல்லாம் ஒழுகியது.

"தொடாதேடி! செத்துப்போவேடி!" என்று கத்தினார் தணிகைவேல். வயரைப் பிடித்து இழுத்த வேகத்தில் பிளக் போர்டே சுவரைவிட்டுப் பெயர்ந்து வந்தது.

கிரைண்டர் சுற்றி ஓய்ந்தது. தான் என்ன சொன்னோம் என்பது தணிகைவேலுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"எல்லா மெஷினும் அடிக்காது" என்றார், யாரையும் பார்க்காமல். "சிலது அடிக்கும். எது அடிக்கும்னு எனக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. சொன்னா ஏஜென்சிய புடுங்கிடுவோம்னானுங்க. வேற கம்பெனிக்குப் போலாம்னா வேற கம்பெனி எங்க கீது? எல்லாத்தையும் அவனுங்களே வாங்கிட்டானுங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

"அந்தம்மா செத்ததுமே இஸ்ரேல் உங்களுக்குப் போன் பண்ணான். எல்லாரும் ஆஸ்பத்திரியில. வூடு காலி. மெஷினை மாத்தி, போர்டுல கம்பிய முறுக்கி, புருஷன் தலையில கட்டிட்டீங்க" என்றார் பக்தவச்சலம். "இன்னிக்கி இஸ்ரேலை அடிக்க ஆளை அனுப்பிட்டு, நீங்களே வந்து தூக்கினீங்க."

பதிலுக்கு தணிகைவேல் ஷட்டர் இழுக்கிற இரும்புக் கொக்கியை எடுத்தார். முதல் வீச்சு பக்தவச்சலத்தின் மொட்டைத் தலையில் விழுந்தது. சந்தனத்தைக் கிழித்துக்கொண்டு ரத்தம் காதுவரை ஓடியது. அவர் முழங்காலிட்டு விழுந்தார். இரண்டாவது வீச்சு விழுந்திருந்தால் இந்தக் கதையில் அவர் இருந்திருக்க மாட்டார். புவனா பெயர்ந்து கிடந்த வயரைத் தணிகைவேலின் காலில் சுற்றி, தன் முழு எடையையும் போட்டுப் பின்னால் இழுத்தாள். மனிதர் முகங்குப்புற விழுந்தார். அடுக்கியிருந்த கிரைண்டர்களில் ஒன்று உருண்டு வந்து அவர் மணிக்கட்டின் மேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்குமே கேட்டது.

அதற்கப்புறம் கூட்டம் அவரை விடவில்லை. போன வாரம் மகளுக்குச் சீராகக் கிரைண்டர் வாங்கிக் கொடுத்த ஒரு ஆள், அழுதுகொண்டே அவர் முதுகில் மிதித்தான். வெங்கடேசன் நாலு போலீஸ்காரர்களோடு வந்து லத்தியைச் சுழற்றி ஆட்களை விலக்கியபோது, தணிகைவேலின் வெள்ளைச் சட்டையில் யாருடைய ரத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. வெங்கடேசன் கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்தப் புது மெஷினை வேறொரு போர்டில் சொருகி, அதன்மேல் டெஸ்டரை வைக்கச் சொன்னார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. புவனா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

வள்ளிநாயகி எழுந்து வந்தாள். உதட்டைத் துடைத்துக்கொள்ளவில்லை. விலங்கு மாட்டிய புருஷனின் முன்னால் நின்றாள்.

"என்னை ஒதைச்சது வலிக்கலைங்க" என்றாள். "என் உசுர காப்பாத்தத்தானே ஒதைச்சீங்க. செத்துப்போனாளே, அவளுக்கும் கைதானே இருந்துச்சி? நானும் அவளும் ஒரே வேலையத்தானே செஞ்சோம்?"

அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "ஸ்டேஷன்ல இருக்கறது என் கிரைண்டருங்க. எங்கம்மா வூட்டு சீரு. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. எலியாஸ் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது அபிகாயில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அம்மாவ அடக்கம் பண்ணிட்டாங்களா, பாப்பா?"

"இல்ல நைனா. நீ வரணும்னு வெச்சிருக்கேன்."

அவர் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தலையில் கட்டுப் போட்ட பக்தவச்சலம் ஜீப்பின் முன்னால் உட்கார, எலியாஸும் மகளும் புவனாவும் பின்னால் ஏறினார்கள். கிருத்திகைக் கூட்டத்தில் ஜீப் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. மலையடிவாரத்தில், காணாமல் போன பிள்ளைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. வேறொரு குரல் வந்தது. கிழிந்த உதட்டோடு பேசியதால் சில சொற்கள் குழறின.

"பொன்னுரல், நோர்டிலா, காவேரிச்சுடர் கிரைண்டர் புதுசா வாங்கினவங்க எல்லாரும் கேளுங்க. வூட்டுக்குப் போன் பண்ணி பிளக்கைப் புடுங்கச் சொல்லுங்க. ஈரக்கையால யாரும் தொடாதீங்க. அதுல ஒரு பொம்பளை செத்துட்டா. நான் தணிகைவேல் கடைக்காரர் பொண்டாட்டி வள்ளிநாயகி பேசறேன். நாங்க வித்ததுதான்."

காவடிகள் நின்றன. கூட்டத்தில் நூறு கைகள் ஒரே நேரத்தில் போனைத் தேடின. அவள் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எலியாஸ் ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தக் குரல் இன்னொரு முறை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "போலாம் சார்" என்றார்.